வட்டப்பாறை ஏரியில் ஒரு சங்கரா

மார்ச் 2, ஞாயிறு

ஏரிக்கரையில் ஒன்பது மணி நேரம். மீன் கிடைத்தது. ஒன்றரைக் கிலோ. எப்படிக் கிடைத்தது என்பது இந்த டைரிக்கு வேண்டாத விவரம்.

செண்பகவல்லி மீனைத் தூக்கி, வாயைப் பிரித்துப் பார்த்தாள். "தூண்டில் ஓட்டை நல்லா விழுந்திருக்கே" என்றாள். பிறகு, "அடுத்த வாரம் கொஞ்சம் சின்னதாப் பிடிங்க, வறுக்கத் தோதா இருக்கும். செதிலையும் அங்கயே எடுத்துட்டு வந்துருங்க" என்றாள்.

பாவம். இருபத்து நான்கு வருஷமாக என் மனைவி. சத்துணவு மையத்தில் தினம் நூற்றெழுபது முட்டையை எண்ணி வாங்குகிறவள். தூண்டில் கலையைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது.

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. கூட்டமில்லாத நாளில்தான் மனிதனுக்குத் தன்னைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

நான் குணபாலன். வயது ஐம்பத்தொன்று, முழங்காலுக்கு அறுபத்தைந்து. வட்டப்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ. அது பிழைப்பு. பெருமை வேறு: வட்டப்பாறை தூண்டில் நேயர் சங்கத்தின் செயலாளர். முப்பத்திரண்டு உறுப்பினர்கள். சனி, ஞாயிறுகளில் சமவெளியிலிருந்து காரிலும் பைக்கிலும் வந்து சேரும் தூண்டில்காரர்கள் தனி. இந்த மலையில் பார்ப்பதற்கு வேறு எதுவும் கிடையாது. அருவி என்று போர்டு இருக்கிறது, அருவி இல்லை.

என் கடைச் சுவரில் ஒரு கலர் போட்டோ மாட்டியிருக்கிறது. இரண்டு கையாலும் ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்தபடி நான். கீழே 'சாதனை: 4 கிலோ 200 கிராம்'. மீன் நல்ல சிவப்பு. ஏரிக் கெண்டை ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அது சாயங்கால வெயில் என்று சொல்வேன். சங்கத்தில் ஒருவர்கூட அதற்கு மேல் கேட்டதில்லை. நாகரிகமான மனிதர்கள்.

மார்ச் 9, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். டைரியிடமும் பொய் சொன்னால் பொய்களை வைக்க வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

ஏரியிலிருந்து ஊருக்கு வரும் சாலையில் மூன்றாவது வளைவில் பனிமயம் அக்காவின் மீன் கடை. தூத்துக்குடிக்காரர். கணவர் போன பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டார். வெள்ளிதோறும் ஐஸ் பெட்டியில் கடல் மீன் ஏறி வரும். கூடவே வளர்ப்புக் குட்டையிலிருந்து கட்லாவும் கெண்டையும். சனி, ஞாயிறு சாயங்காலம் வளைவில் வண்டிகள் வரிசையாக நிற்கும். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மீன் வாங்கும் வழக்கம் உலகத்தில் இந்த ஒரு கடையில்தான் உண்டு.

இன்று என் முறை வந்ததும் அக்கா கேட்டார்: "என்ன அண்ணாச்சி, இன்னிக்கும் தண்ணியப் பாத்துட்டுத்தான் வாறீங்களா?"

"ஒண்ணு மாட்டுச்சுக்கா. அறுத்துட்டுப் போயிருச்சு."

"பதினோரு வருசமா அந்த ஒண்ணேதான் அறுத்துட்டுப் போகுது. அதுக்கும் வயசாயிருக்கும். ஓட்டை போடட்டுமா?"

ஓட்டை என்பது மேல் உதட்டில் தூண்டில் முள்ளால் ஒரு துளை. வாங்கிய மீன் பிடித்த மீனாக மாறுவது அந்த இடத்தில்தான். கெண்டைக்கு இடது பக்கம், கட்லாவுக்கு நடுவில். அக்காவின் கை அப்படி ஒரு கை, மீனே நம்பிவிடும்.

ஆச்சரியம் என்னவென்றால், செண்பகவல்லி சொன்ன அளவிலேயே மீன் தயாராக இருந்தது. செதிலும் எடுத்தாகிவிட்டது. பொட்டலத்தின் மேல் பேனாவில் 'செ' என்று எழுதியிருந்தது. செதில் எடுத்தது என்பதன் சுருக்கமாக இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

இடி விழுந்தது. ஏரிப் பாதுகாப்புக் குழு நோட்டீஸ் ஒட்டிவிட்டது: ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வட்டப்பாறை ஏரியில் தூண்டில் போடத் தடை. சனி இல்லை, ஞாயிறு இல்லை, வருஷம் முழுக்க.

காரணமும் போட்டிருக்கிறார்கள். எங்கள் சங்கத்தின் சாதனைப் பதிவேட்டின்படி போன வருஷம் மட்டும் பிடிபட்ட மீன் ஏழாயிரத்து நானூறு கிலோவாம். இதே வேகத்தில் போனால் இரண்டு வருஷத்தில் ஏரியில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள்.

அந்தப் பதிவேட்டை எழுதியவன் நான். ஒவ்வொருவரும் சொன்னதை அப்படியே எழுதினேன். ஒருவர் மூன்று கிலோ என்றால் அடுத்தவர் மூன்றரை என்பார். என் முறை வரும்போது நான் சும்மா இருக்க முடியுமா? போன பொங்கலுக்கு அதை ஸ்பைரல் பைண்டிங் போட்டு, குழுவுக்கு ஒரு பிரதி அன்பளிப்பாகக் கொடுத்ததும் நான்தான். அட்டையைக்கூட இலவசமாக லேமினேட் செய்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

அவசரக் கூட்டம். தலைவர் நாகசுந்தரம் வந்ததும் மேஜையைத் தட்டினார். ரிடையர்டு பேங்க் மேனேஜர். தட்ட மேஜை இல்லாவிட்டால் பேச வராது.

"நாம புலம்பக் கூடாது. நம்மால இந்த ஊருக்கு என்ன வரவுன்னு காட்டணும். லாட்ஜு, டீக்கடை, பரோட்டாக் கடை, பஞ்சர் கடை. தூண்டில் இல்லைன்னா வட்டப்பாறையே இல்லை. விதி வேண்டாம்னு சொல்லலை, வளைஞ்சு கொடுக்கிற விதியாக் கேட்போம். முட்டை போடுற மாசம் மூடுங்க. மழை வந்தா திறங்க. குஞ்சைத் திருப்பி விடுறோம். ஆளுக்கு இத்தனைன்னு கணக்கு வைங்க."

எல்லாரும் கை தட்டினோம். பிறகு, ஒருவர் மீன் பிடித்தால் ஊருக்கு எவ்வளவு வருமானம் என்று கணக்குப் போட உட்கார்ந்தோம். அங்கேதான் சிக்கல். மீன் மாட்டினால் ஆள் காலை எட்டு மணிக்கே சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். மாட்டாவிட்டால்தான் பத்து மணிக்கு டீ, பன்னிரண்டுக்கு போண்டா, இரண்டு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு இன்னொரு டீ, 'நாளைக்கு ஒரு கை பார்ப்போம்' என்று லாட்ஜில் ரூம். இந்த ஊரை வாழவைப்பது பிடிபட்ட மீன் இல்லை, பிடிபடாத மீன்.

இந்த உண்மை அந்த அறையில் இருந்த இருபத்தாறு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் மினிட் புத்தகத்தில், 'விரிவாக விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

மார்ச் 19, புதன்

மனு தயார். பதினான்கு பக்கம். ஏரியின் பெருமைக்குச் சான்றாக என் சாதனைப் போட்டோவையும் இணைக்க வேண்டும் என்று தலைவர் பிடிவாதம். கலர் மை தீர்ந்திருந்தது. திண்டுக்கல்லிலிருந்து வர மூன்று நாள் ஆகும். எதற்கு வீண் செலவு? கறுப்பு-வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். சிவப்பு தெரியாதது ஒரு வகையில் நல்லது.

ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் தன் வாழ்க்கையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவற்றை அன்று செய்தேன். ('அன்று' என்று எழுதுவது, இந்த வரியை ஏப்ரலில் வந்து சேர்த்ததால்.)

ஏப்ரல் 3, வியாழன்

குழுவின் பதில் வந்தது. நான்கு முறை படித்தேன்.

மனுவுக்கு நன்றி. இணைப்பிலுள்ள மீன் கெண்டை இல்லை, கட்லா இல்லை, இந்த மலை நீர்நிலைகளில் இதுவரை பதிவான எதுவும் இல்லை. புதிய இனமாக இருக்கலாம் என்று மீனியல் பேராசிரியர் மாசிலாமணி கருதுகிறார். எனவே தூண்டில் தடையோடு, ஆய்வு முடியும்வரை ஏரிக்கரையில் பொதுமக்கள் நடமாட்டமும் நிறுத்தப்படுகிறது. சாதனையாளர் குணபாலனைப் பேராசிரியர் நேரில் சந்திப்பார்.

அது சங்கரா. தூத்துக்குடிச் சங்கரா. கடலை விட்டு வெளியே வராத ஜாதி. ஐஸ் பெட்டியில் படுத்தபடி பஸ் ஏறித்தான் அது இந்த மலையைப் பார்த்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

கடைச் சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் முருகன் காலண்டர்.

ஏப்ரல் 9, புதன்

பேராசிரியர் மாசிலாமணி வந்தார். நாற்பது வருஷமாக மீன்களை ஆராய்கிறவர், சுத்த சைவம். மீன் சந்தைப் பக்கம் போனதில்லை, வாடை ஒத்துக்கொள்ளாது என்றார். நல்ல மனிதர். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அசல் போட்டோ இருக்குமே?"

"மழையில நனைஞ்சு போச்சு சார்."

"கலர் எப்படி இருந்தது?"

"ஒரு மாதிரி... மீன் கலர் சார்."

குறித்துக்கொண்டார்! பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்டுபிடிச்சவங்க பேரை இனத்துக்கு வைக்கிற வழக்கம் உண்டு. குணபாலன் கெண்டை. எப்படி இருக்கு?" என்றார்.

அதெல்லாம் எதற்கு சார் என்று அடக்கமாகச் சொன்னேன். அவர் போன பிறகு, எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். லேமினேட்டும் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை சித்திரை ஒன்று. வழக்கமாக இந்த வாரம் லாட்ஜில் ரூம் கிடைக்காது. இன்று லாட்ஜ் மேனேஜர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். டீ மாஸ்டர் பாலைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

மூன்றாவது வளைவில் வண்டி ஒன்றுமில்லை. பனிமயம் அக்கா தராசைத் துடைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் தம்பி வீட்டுக்குப் போறேன் அண்ணாச்சி. மாசக் கடைசில வண்டி வரச் சொல்லியிருக்கு."

"ஏன்க்கா? ஊர்க்காரங்க வாங்க மாட்டாங்களா?"

"ஊர்க்காரவுக வாரத்துக்கு அரைக் கிலோ வாங்குவாக. என் கடையை நடத்துனது நீங்கள்லாம்தான். மீன் பிடிக்கத் தெரியாத ஆம்பளைங்க." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அங்க போனா தம்பி பொண்டாட்டிக்குக் கை ஆளா இருக்கணும். இங்க என் தராசு, என் கத்தி, என் கல்லு. சரி விடுங்க. உங்க பேருல மீனு வருதாமே?"

"அது... இன்னும் முடிவாகலை."

"எந்த மீனு அது? நான் பாத்திருக்கேனா?"

எனக்கு அவசர வேலை ஒன்று நினைவு வந்தது. கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இரவுச் சாப்பாட்டில் செண்பகவல்லி, "சங்கராக் குழம்பு வச்சு ரெண்டு மாசம் ஆகுது" என்றாள்.

"ஏரியில ஏது சங்கரா?" என்றேன்.

"அதானே" என்றாள். தட்டில் கத்தரிக்காயைப் போட்டாள். "ஏரியில ஏது சங்கரா? இதை நான் கேட்டா எனக்கு மட்டும்தான் கேட்கும். நீங்க கேட்டா ஊருக்கே கேட்கும்."

என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தூக்கமும் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஏப்ரல் 23, புதன்

நாளை பஞ்சாயத்து மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இரண்டு பேச்சு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, என் பெயரை வைப்பதற்கு நன்றி தெரிவிப்பது, ஒன்றரைப் பக்கம். இன்னொன்று ஒரு வரி.

ஏப்ரல் 24, வியாழன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் குழுச் செயலர் ரேணுகா மேடம், பக்கத்தில் பேராசிரியர். பின்னால் பேனரில் என் ஜெராக்ஸ் ஆறடிக்குப் பெரிதாக்கி அடிக்கப்பட்டிருந்தது. என் மூக்கு ஒரு பூசணிக்காய் அளவு. மீனின் கண் என்னையே பார்த்தது.

பேராசிரியர் பேசினார். பல லட்சம் வருஷங்களுக்கு முன் இந்த மலை கடலாக இருந்திருக்கலாம், அன்று சிக்கிய ஒரு மீன் குடும்பம் இங்கேயே நன்னீருக்குப் பழகியிருக்கலாம் என்றார். கேட்கக் கேட்க எனக்கே நம்பிக்கை வந்தது. ஏரியை மேலும் ஐந்து வருஷத்துக்கு மூட வேண்டும் என்று முடித்தார்.

"ஆட்சேபணை உண்டா?" என்றார் மேடம்.

நாங்கள் முப்பத்திரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அது சங்கரா என்று எல்லாருக்கும் தெரியும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள். மனைவிகள் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி வரிசையில் பனிமயம் அக்கா எழுந்து நின்று பேனரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தன் கையால் போட்ட ஓட்டை அல்லவா? வாயைத் திறந்தவர், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாசக் கடைசியில் வண்டி வரப்போகிறது. அப்போதும் வாடிக்கையாளரைக் காட்டிக் கொடுக்க மாட்டார்.

அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். சட்டைப் பையிலிருந்து தவறான பேச்சு கையில் வந்தது. அதை மறுபடி உள்ளே வைத்தேன்.

"மேடம், அது சங்கரா."

"அது எந்த ஊர் மீன்?"

"தூத்துக்குடி மேடம். மூணாவது வளைவுல வாங்கினேன்."

பேராசிரியர் மெதுவாகக் கேட்டார்: "உதட்டில தூண்டில் காயம் இருக்கே?"

"அது கடையிலேயே போட்டுத் தருவாங்க சார்."

"அப்ப உங்க பேர்ல பதிவேட்டில இருக்கிற முந்நூத்துப் பன்னிரண்டு கிலோ?" இது மேடம்.

"அதுல நான் பிடிச்சது ஒண்ணுமில்லை மேடம். போன வருஷம் மட்டும் இல்லை. எந்த வருஷமும் இல்லை."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறைய பேர். காது கொதித்தது. அப்போது நாற்காலி இழுபடும் சத்தம். தலைவர் நாகசுந்தரம் எழுந்து நின்றார். தட்ட மேஜை இல்லாததால் முன்னால் இருந்தவர் முதுகைத் தட்டினார்.

"என்னுடைய ஏழு கிலோ கட்லாவும் அங்க வாங்கினதுதான்."

பெண்கள் வரிசையிலிருந்து அவர் மனைவி, "அதை பிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கீங்களே!" என்று கத்தினார்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். தேர் வடம் நகர்ந்த மாதிரி. இருபதாவது ஆள் எழுந்தபோது மேடம் கையமர்த்தி, பனிமயம் அக்காவை முன்னால் அழைத்தார். "இவங்க சொல்றது நிஜமாம்மா?"

"இனி நான் மறைச்சு என்ன ஆகப்போகுது மேடம்? வாங்குன மீனு ஒவ்வொண்ணும் எனக்கு ஞாபகம் இருக்கு. பேங்க்காரவுக கட்லாவுக்கு ரெண்டு ஓட்டை போடச் சொன்னாக, போராடுன மாதிரி இருக்கணும்னு."

"அப்படின்னா ஏரியில நிஜமா யாருமே மீன் பிடிக்கலையா?"

கூடிக் கலந்து பேசினோம். பதினோரு வருஷத்தில் மொத்தம் மூன்று. ஒன்று, தலைவர் தூண்டிலில் தானாக வந்து மாட்டியது. ஒன்று, ஏற்கெனவே செத்து மிதந்தது. மூன்றாவதைப் பிடித்தவர் சங்க உறுப்பினரே இல்லை. கால் கழுவ இறங்கிய பஸ் கண்டக்டர், கைலியில்.

மேடம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஏழாயிரத்து நானூறு கிலோ போகுதுன்னுதான் தடையே போட்டோம்" என்றார். நான் அப்போதுதான் அந்த இன்னொரு உண்மையையும் எடுத்து வைத்தேன். பிடிபடாத ஒரு மீன் எத்தனை டீ, எத்தனை போண்டா, எத்தனை லாட்ஜ் ரூம், பனிமயம் கடையில் எத்தனை கிலோ என்று. டீ மாஸ்டர் எழுந்து நின்று, "இவங்களுக்கு மீன் கிடைச்சுட்டா நான் கடையை மூட வேண்டியதுதான் மேடம்" என்று சாட்சி சொன்னார்.

வெளியே வரும்போது பேராசிரியர் தனியாக நின்றிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மலை கடலா இருந்திருக்கலாம்ங்கிறது மட்டும் வாபஸ் இல்லை" என்றார்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போது செண்பகவல்லியிடம் சொன்னேன்: "உனக்கு அதிர்ச்சியா இருக்கும்."

"எதுக்கு? வெள்ளிக்கிழமைதோறும் பனிமயத்துக்குப் போன் பண்ணி எந்த மீன்னு சொல்றது யாரு?"

அந்தப் பொட்டலத்து 'செ'.

ஏப்ரல் 30, புதன்

தடை நீக்கம். புதிய விதிகள் வந்துவிட்டன. மீன் முட்டையிடும் ஜூன், ஜூலையில் மட்டும் தூண்டில் கூடாது. ஏரி வற்றினால் நீட்டிப்பார்கள், நிரம்பினால் சுருக்குவார்கள். ஆளுக்கு இரண்டு மீன். ஒரு சாணுக்குக் குறைந்ததைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கடைசி விதி எங்களுக்காகவே: பதிவேட்டை இனி சங்கம் எழுதக் கூடாது, பனிமயம் எழுதுவார்.

வந்த வண்டியை அக்கா திருப்பி அனுப்பிவிட்டார். சும்மா போகாமல் இரண்டு கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு போனானாம் டிரைவர்.

மே 4, ஞாயிறு

லாட்ஜ் நிறைந்துவிட்டது. கரையில் அறுபது பேர். மண்டபத்துக் கதை சமவெளிவரை போய், மீன் பிடிக்காமல் இருப்பது எப்படி என்று பார்க்கவே சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

நாலரை மணிக்குத் தலைவர் டீ குடிக்கப் போனார். நான் ஒதுங்கிப் பாறைக்குப் பின்னால் இருந்தேன். அப்போது மிதவை முங்கியது.

வேர் என்று நினைத்தேன். வேர் இழுக்காது. இது இழுத்தது. தூக்கினேன். கெண்டை. உயிரோடு. உதட்டில் ஓட்டை, நான் போட்டது. கோணலாக இருந்தது.

சாண் வைத்துப் பார்த்தேன். கட்டை விரலை எவ்வளவு ஒடுக்கிப் பார்த்தும் மீன் பாதிச் சாணைத் தாண்டவில்லை. சுற்றிப் பார்த்தேன். ஒரு சாட்சி இல்லை. போன் தலைவரின் பையில். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

விதி கேட்டது நாங்கள்தானே. தண்ணீரில் விட்டேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

மூன்றாவது வளைவில் அக்கா குரல் கொடுத்தார்: "அண்ணாச்சி, சங்கரா வந்திருக்கு! ஓட்டை இல்லாம எடுத்துக்கிடுங்க!" இன்றைக்கு வேண்டாம் என்று கை காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

செண்பகவல்லி வாசலில் நின்று என் இரண்டு கையையும் பார்த்தாள்.

"மீனு எங்க?"

"பிடிச்சேன். ஒரு சாண் இல்லை. விட்டுட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு மட்டமான பொய்யாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. மீன் எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். கையை விரித்துக் காட்டினேன். பதினோரு வருஷம் தாராளமாக விரிந்த கை, இன்று நாலு விரலுக்கு மேல் அகல மறுத்தது.

அவள் அந்த நாலு விரலை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ரசத்துக்குப் புளியைக் கரைத்தபடி சொன்னாள்:

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் வெறுங்கையோட வந்திருக்கீங்க. அப்ப நிஜமாவே பிடிச்சிருக்கீங்க."